பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்பவர்களுக்கு

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்."

பதினோரு மாதத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக்குகள் சொன்னார்கள். ஆபீஸ் நண்பர்கள் சொன்னார்கள். கவிதை எழுதும் நண்பர் ஒருவர் ஒரு படி மேலே போய், "அதுக்கும் ஒரு மனசு இருக்குல்ல, சில நாள் ஓடப் பிடிக்காது" என்றார். மனைவியும் சொன்னாள். ஆனால் அவள் சொன்னதற்கு ‘வித்துத் தொலை’ என்று அர்த்தம். இந்தக் கட்டுரை இவர்கள் எல்லாருக்கும் எதிராக எழுதப்படுகிறது, மனைவியைத் தவிர. அவள் பக்கம் நியாயம் இருந்தது.

என்னிடம் முப்பது வயதைத் தாண்டிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரையை மடித்துவிட்டு ஓட்டலாம், லண்டன் வானம் அனுமதித்தால். கம்பெனி பெயர் வேண்டாம். முப்பது வருஷம் ஓடின பிறகு உள்ளே ஏதோ ஒன்று செத்துப்போனால் செய்தவன் மேல் வழக்குப் போட முடியாது. என் வழக்கு வேறு ஆட்கள் மேல்.

போன வருஷம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு சாயங்காலம். லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலை. பக்கத்து இருக்கையில் ஒன்பது வயது மகள். நடு லேனில் அறுபது மைல் வேகம். இன்ஜின் நின்றது. விக்கவில்லை, திணறவில்லை, குலுங்கவில்லை. யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது.

ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் காரில் இன்ஜின் நிற்பது என்பது வேகம் குறைந்து ஓரமாய் ஒதுங்குவது மட்டும் அல்ல. பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை இன்ஜின்தான் உண்டாக்குகிறது. அது நின்றுவிட்டால் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகிப்போகும். அந்தச் சாலையின் சில பகுதிகளில் ஓரத்தில் ஒதுங்கத் தனிப் பாதையே கிடையாது. இருந்ததையும் லேனாக மாற்றிவிட்டார்கள். பின்னால் ஒரு லாரியின் விளக்கு கண்ணாடி முழுக்க நிறைந்தது. வேகம் தீர்வதற்குள் அவசர நிறுத்தும் இடம் ஒன்று வந்தது. அது என் திறமை இல்லை, இடம் வந்த நேரம் அப்படி.

இருபது நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே இன்ஜின் எழுந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டி நேர்மையானது, எந்த மெக்கானிக்கும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். நின்று, பிறகு தானே ஓடும் வண்டிதான் மனிதர்களை அம்பலப்படுத்துகிறது. அடுத்த பதினோரு மாதத்தில் மூன்று வகை ஆட்களைச் சந்தித்தேன். மூவருமே உங்களுக்குத் தெரிந்தவர்கள். வண்டி வைத்திருந்தால்தான் சந்திக்க முடியும் என்று இல்லை.

*

முதல் வகை, ரசிகர்கள். கவிஞர் நண்பர் இந்தக் கட்சி. பழைய காருக்கு ‘மூட்’ உண்டு, கோபம் உண்டு, செல்லம் கொஞ்சினால் ஓடும் என்பவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நம் இலக்கிய உலகத்தில் இப்படிப் பேசினால் கைதட்டலும் கிடைக்கும். இயந்திரத்தை மனுஷியாக்கிவிட்டால் எழுத்தாளனுக்குப் பாதி வேலை முடிந்தது. பாருங்கள், அவள் ஊடுகிறாள்!

அவள் ஊடவில்லை. பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று விஷயம் வேண்டும்: காற்று, எரிபொருள், தீப்பொறி. மூன்றும் சரியான நேரத்தில் வர வேண்டும். நின்றது என்றால் இந்த மூன்றில் ஒன்று வரவில்லை, அல்லது நேரம் தவறியது. நாலாவது காரணம் அபூர்வம். சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை என்றால், சில நாள் மட்டும் இருக்கிற ஏதோ ஒரு நிலைமை அதற்குக் காரணம். சூடு, குளிர், ஈரம், அதிர்வு, டேங்கில் இருக்கும் பெட்ரோலின் அளவு, திரும்பும் திசை. ‘மூட்’ என்று பெயர் வைத்த நிமிஷத்தில் இந்தப் பட்டியலைத் தேடும் வேலையை நிறுத்திவிடுகிறோம். உருவகம் கேள்விக்குத் தொடக்கமாக இருந்தால் அழகு. கேள்விக்குப் பூட்டாக மாறினால் அது சோம்பேறித்தனம்தான், எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும்.

அந்தச் சோம்பேறித்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு. முதல் இரண்டு முறை நின்றபோது நானே ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்து, "என்னடா கண்ணு" என்றவன்தான்.

*

இரண்டாம் வகை, ‘மாத்திப் பாத்துடலாம்’ கட்சி. உலகிலேயே பெரிய கட்சி இதுதான்.

முதல் கராஜில் நின்றதைச் சொன்னேன். நின்ற நேரத்தில் பின்னால் ஃப்யூவல் பம்ப்பின் சத்தம் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். பம்ப்பை மாற்றினார்கள். கூடவே ஃபில்டரையும். 480 பவுண்டு. ஒன்பது நாள் ஓடியது, பத்தாம் நாள் நின்றது. இரண்டாவது கராஜ்: ஸ்பார்க் பிளக், அதற்குப் போகும் வயர்கள், காயில், கிராங்க் சென்சார். 610 பவுண்டு. இந்த முறை மூன்று வாரம் ஓடியது. நான் ஊரெல்லாம் அந்த மெக்கானிக்கின் புகழ் பாடினேன். மூன்றாம் வாரக் கடைசியில், மழையில், பள்ளிக்கூட வாசலில் நின்றது.

அந்த மூன்று வாரத்தை யோசித்துப் பாருங்கள், ஏனென்றால் என் வாதம் முழுக்க அங்கே இருக்கிறது. விட்டு விட்டு வரும் கோளாறு தானாகவே போகும், தானாகவே வரும். அது போயிருக்கும் சமயத்தில் நீங்கள் எதை மாற்றினாலும் பெருமை அதற்குப் போய்ச் சேரும். பிளக்கை மாற்றினால் பிளக். பேட்டரியை மாற்றினால் பேட்டரி. எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கினால் எலுமிச்சம்பழம். மழை இல்லாத ஊரில் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். என்றைக்காவது மழை வரத்தான் செய்கிறது, கழுதைக்குப் பேரும் கிடைக்கிறது. 610 பவுண்டு கொடுத்து நான் செய்ததும் ஒரு கழுதைக் கல்யாணம்தான். ரசீது மட்டும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார்கள்.

பம்ப் விஷயம் இன்னும் மோசம். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு பெரும்பாலான கார்களில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. இன்ஜின் சுற்றுகிறது என்ற தகவல் கம்ப்யூட்டருக்கு வந்தால்தான் பம்ப் ஓடும். விபத்தில் வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்றால், பம்ப் பாட்டுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக. ஆகவே சுற்றும் தகவலைத் தரும் சென்சார் பக்கம் கோளாறு என்றாலும் பம்ப் நிற்கும். பம்ப் நின்றதால் இன்ஜின் நின்றதா, இல்லை, இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போனதால் பம்ப் நின்றதா? இந்த ஒரு கேள்வியை முதல் கராஜ் கேட்டிருந்தால் ஒரு நல்ல பம்ப் குப்பைக்குப் போயிருக்காது.

போர்ஷே 944 என்று ஒரு கார், 1982-இல் இருந்து 1991 வரை வந்தது. அதை வைத்திருப்பவர்களிடம் பேசினால் தெரியும், பல பேருடைய கிளவ் பாக்ஸில் ஒரு சின்ன ரிலே கிடக்கும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் ஃப்யூவல் பம்ப்புக்கும் மின்சாரம் அந்த ஒரு ரிலே வழியாகத்தான் போகிறது. பல வருஷம் சூடாகிச் சூடாகி ஆறும்போது அதன் உள்ளே பின்னைச் சுற்றி வைத்த ஈயப் பற்றில் மயிரிழை வட்டமாய் ஒரு விரிசல் விழும். சூட்டில் விரிந்தால் தொடர்பு விடும், ஆறினால் மறுபடி ஒட்டும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அதே காரில் இன்ஜினும் கிளட்ச் வீடும் சேரும் இடத்தில் இரண்டு சென்சார் உண்டு. அவற்றில் வேகத்தைச் சொல்வது பேசாமல் போனாலும் இன்ஜின் செத்துப்போகும். ஒரே மாதிரி சாவு, இரண்டு வேறு காரணம். ‘நிற்கிறது’ என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுவிட்டுச் சாமான் ஆர்டர் போடுகிறவர் இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பார்?

*

மூன்றாம் வகைதான் ஆபத்து. ‘ஒண்ணும் இல்லையே’ கட்சி.

மூன்றாவது கராஜில் வண்டியை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இருபது மைல் ஓட்டிப் பார்த்தார்களாம், நிற்கவில்லையாம். கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு எதுவும் இல்லையாம். ‘குறை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை’ என்று தாளில் எழுதி 90 பவுண்டு வாங்கிக்கொண்டார்கள். இன்று எல்லாக் காரிலும் இருக்கும் பொதுவான ஸ்கேனர் வசதி அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இருந்தும்தான் கட்டாயம். என் வண்டி அதற்கு முந்தியது. அதனிடம் குறியீடு கேட்பது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் வாக்குமூலத்தை எழுதி வாங்கப் பார்த்துவிட்டு, ‘பாட்டிக்கு ஒரு குறையும் இல்லை’ என்று கோப்பை மூடுவது போல.

‘நான் பார்க்கும்போது நடக்கவில்லை, ஆகவே நடக்கவில்லை.’ இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1980-களில் ஃபோர்டு கம்பெனி தன் கார்கள் பலவற்றில், மஸ்டாங் உட்பட, இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிப்யூட்டரின் மேலேயே பொருத்தியது. இன்ஜின் சூடு நேராக அதில் ஏறும். சூட்டில் அது வேலையை நிறுத்தும், இன்ஜின் சாலை நடுவில் நிற்கும். ஆறினதும் வேலை செய்யும். கராஜுக்கு இழுத்துப் போவதற்குள் ஆறிவிடும் என்பதால் சோதனையில் பெரும்பாலும் அகப்படாது. அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பே பலமுறை விசாரித்தது, ஒன்றும் நிலைக்கவில்லை. 2000-இல் கலிஃபோர்னியாவின் அலமேடா கவுண்டி நீதிபதி மைக்கேல் பாலச்சி, கம்பெனிக்கு இது தெரிந்தே இருந்தது, மறைத்தது என்று முடிவு சொல்லி, வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். ஃபோர்டு மறுத்தது. 2001-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இடைப்பட்ட அத்தனை வருஷமும் எத்தனை பேர் சர்வீஸ் கவுன்டரில் நின்று, "சத்தியமாக நின்றதுங்க" என்று மன்றாடி, "இப்ப நல்லாத்தானே ஓடுது" என்று பதில் வாங்கியிருப்பார்கள்?

இன்னொன்று, இன்னும் கொடியது. ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு தளர்வாக இருந்தது. முழங்கால் இடித்தாலோ சாவிக்கொத்து கனத்தாலோ சாவி தானாகவே ஒரு படி பின்னால் நழுவும். இன்ஜின் நிற்கும், ஏர்பேக்கும் சேர்ந்து அணைந்துவிடும். கோபால்ட் என்ற சாதாரணக் கார் மட்டும் இல்லை, போன்டியாக் சால்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களும் இந்தப் பட்டியலில் வந்தன. ஓடும்போது நிற்பதைக் கம்பெனிக்குள் பல வருஷம் பாதுகாப்புப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை, ‘வாடிக்கையாளரின் வசதி’ சம்பந்தப்பட்டது என்று வகைப்படுத்தினார்கள் என்பதை 2014-இல் வந்த வலுகாஸ் அறிக்கை விவரமாகச் சொல்கிறது. கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி பின்னர் ஒப்புக்கொண்ட சாவுகள் மட்டும் 124.

அந்தச் சாவுகளில் ஒன்று 2010-இல் ஜார்ஜியா மாநிலத்தில். ஒரு இளம்பெண்ணின் கார் ஓடும்போது நின்றது. சர்வீஸில் கொண்டுபோய் விட்டார். எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பித் தந்தார்கள். நின்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, விபத்தில் இறந்துபோனார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கத்து இன்ஜினியர் அந்தக் காரின் சுவிட்சையும் புதிதாகக் கடையில் வாங்கிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த சின்ன முனையின் நீளம் வேறாக இருந்தது. கம்பெனி 2006-இல் சத்தமில்லாமல் திருத்தியிருந்தது, சாமானின் எண்ணை மாற்றாமலேயே.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆளைக் கொல்லும் கோளாறுக்கு, கோளாறைப் பார்க்காமலேயே, ஒரு சுத்தம் செய்யும் வேலை. அதுவும் ‘மாத்திப் பாத்துடலாம்’தான். என் மகள் பக்கத்து இருக்கையில் இருந்தபோது எனக்குக் கிடைத்ததும் அதேதான்.

*

கிழக்கு லண்டனில் ஒரு பெரியவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ரிட்டயர் ஆகிவிட்டார், வீட்டு கராஜில் தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்த்துக் கொடுப்பார். எல்லாருக்கும் அவர் அண்ணை. வண்டியை நிறுத்தினதும் பானெட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு கொப்பியைத் திறந்தார்.

"நிக்கேக்கை மூச்சுத் திணறி நிண்டதோ, இல்லாட்டி சுவிச்சை நூத்த மாதிரி நிண்டதோ?"

சுவிட்சை அணைத்த மாதிரி என்றேன். எழுதிக்கொண்டார். பெட்ரோல் வரத்துக் குறைந்தால் இன்ஜின் பொதுவாக இழுத்து, விக்கி, சாகும். மின்சாரம் போனால் வெட்டின மாதிரி சாகும். விதிவிலக்கு உண்டு, ஆனால் முதல் கவட்டை அதுதான்.

"எவ்வளவு தூரம் ஓடினாப் பிறகு? டாங்கில எவ்வளவு எண்ணெய்? மூடியைத் திறக்கேக்கை உஸ்ஸெண்டு சத்தம் வந்ததோ? பிறகு எவ்வளவு நேரத்தால ஸ்டார்ட் ஆனது?"

ஒவ்வொரு கேள்வியும் ஒரு சந்தேகத்தை வெளியே அனுப்புகிறது. டேங்கின் காற்று வழி அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் சேர்ந்து பெட்ரோல் வராது, மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று போகும். டேங்கில் குப்பை இருந்தால் ஓட ஓட வாயை அடைக்கும், நின்றதும் கீழே படியும். சும்மா நிற்கும்போது மட்டும் அணைகிறது என்றால் காற்றுக் கசிவையோ ஐடில் வால்வையோ பார்க்க வேண்டும். மூன்று கராஜில் ஒருவரும் இதில் ஒன்றைக்கூட என்னிடம் கேட்கவில்லை.

"ரெவ் முள்ளு என்ன செய்தது?"

கவனிக்கவில்லை என்றேன். லாரி விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆர் பக்கத்தில இருந்தது?"

"மகள்."

"பிள்ளையைக் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அங்கிருந்தே போன் போட்டோம். அவள் யோசிக்கவே இல்லை: "அந்த முள்ளு டக்குனு கீழ விழுந்துச்சுப்பா. அப்புறம்தான் நீங்க காலை அமுக்குனீங்க."

அண்ணை பேனாவைக் கீழே வைத்தார். கிளட்ச்சை மிதிக்கும் வரை சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சுற்றுகிற இன்ஜினுக்கு முள் பூஜ்யம் காட்டுகிறது என்றால் சுற்றும் தகவல்தான் அறுந்திருக்கிறது. பெட்ரோல் நின்று இறந்திருந்தால் முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கியிருக்கும். பதினோரு மாதம், 1,180 பவுண்டு. பதில் என் வீட்டிலேயே, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு இருந்தது.

அதையும் அவர் அப்படியே நம்பவில்லை. பிள்ளை சொன்னது வழி, இனி அளந்து பார்க்க வேண்டும் என்றார். இரண்டு சின்ன பல்பு எடுத்தார். ஒன்றை மெயின் ரிலேயில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் மின்சாரத்தில், மற்றதை ஃப்யூவல் பம்ப்புக்குப் போகும் வயரில், இரண்டுக்கும் ஃப்யூஸ் வைத்து இணைத்து, டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினார். நின்றால் எது அணைகிறது என்று பார்க்கலாம். இரண்டும் அணைந்தால் ரிலே பக்கம். முதலாவது எரிந்து இரண்டாவது மட்டும் அணைந்தால், முள்ளையும் பார். முள்ளும் விழுந்தால் சென்சார் பக்கம். முள் விழாவிட்டால் பம்ப்பின் ரிலே. மூன்று முடிவு, மூன்று பாதை. ஒரு சாமானையும் வாங்காமல்.

அப்படியே தெருத்தெருவாய் ஓட்டினோம். இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு ரவுண்டானாவுக்குப் பக்கத்தில், நின்றது. முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது அணைந்தது. முள் விழுந்து கிடந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்டேன்.

"அப்ப சென்சாரா? அதைப் புதுசா மாத்தியாச்சே அண்ணை."

"சென்சாரை மாத்தினவங்கள். சென்சாரில இருந்து வாற பாதையை ஆர் பாத்தது?"

கம்ப்யூட்டர் பக்கத்துப் பிளக்கைக் கழற்றி, அங்கே மீற்றரை வைத்தார். அங்கே அளந்தால் சென்சாரோடு வழியில் இருக்கும் வயரும் சேர்ந்து பரீட்சைக்கு வரும். ஆயிரம் ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது, சரியான அளவுதான். பிறகு தலைமுடி காயவைக்கும் ட்ரையரால் வயரைச் சூடாக்கிக்கொண்டே ஒவ்வொரு சாணாக வளைத்தார். எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு கிளிப் பிடித்திருந்த மடிப்பில், மீற்றர் எண்ணைத் தொலைத்தது. விட்டார், வந்தது. வளைத்தார், போனது. பிளேடால் தோலைக் கீறினோம். வெளியே நல்ல தோல். உள்ளே செம்பு இழைகள் அறுந்து, இரண்டு முனையும் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் இருந்தன.

இரண்டாவது கராஜின் மூன்று வார அற்புதமும் அப்போது விளங்கியது. புது சென்சாரை மாட்டும்போது வயரை நகர்த்தியிருக்கிறார்கள். அறுந்த முனைகள் தற்செயலாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன. கழுதைக் கல்யாணம், மழை.

*

எதிர்வாதம் உண்டு, மறைக்க மாட்டேன். முப்பது வருஷ வண்டியில் ஃபில்டர், ரப்பர் குழாய், பிளக் வயர் எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவைதான். பல சமயம் சென்சாரின் விலை, அதைச் சோதிக்கும் நேரத்தின் கூலியைவிடக் குறைவு. கராஜுக்கு வாடகை, சம்பளம் எல்லாம் இருக்கிறது, இரண்டு நாள் தெருத்தெருவாய் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. இவை உண்மை. பராமரிப்புக்காக மாற்றுவதோடு எனக்குச் சண்டை இல்லை. ‘பழசாச்சு, மாத்துறேன்’ என்று சொல்லி மாற்றுங்கள். ‘கண்டுபிடிச்சிட்டேன்’ என்று சொல்லி மாற்றாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஒரு தகப்பனை மறுபடி அதே சாலைக்கு அனுப்பாதீர்கள்.

அண்ணைக்கு இந்த வித்தை எங்கே வந்தது என்று கேட்டேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெட்ரோல் வராது, உதிரிச் சாமான் வராது, பேட்டரிகூட வராது. மொரிஸ் மைனரையும் ஏ40-யையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெட்ரோல்.

"மாத்திப் பாக்க அங்கை எங்கை தம்பி சாமான் இருந்தது? ஒரு லாம்பும் ரெண்டு கண்ணும்தான். பிழையைப் பிடிக்காட்டி வாகனம் ஓடாது. வாகனம் ஓடாட்டி நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகாது."

பற்றாக்குறையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தடையில் அவர் இழந்தவற்றின் பட்டியல் வேறு, அதை அவர் என்னிடம் பாதிதான் சொன்னார். ஆனால் எல்லாச் சாமானும் ஒரு நாளில் வீட்டு வாசலுக்கு வந்து விழும் ஊரில் நாம் கண்டுபிடிப்பதை நிறுத்திவிட்டோம் என்பதற்கு அவர் சாட்சி.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொன்னால் நான் பொய்யன். அண்ணை கணக்கு எழுதித் தந்தார். வயர், நான்கு பவுண்டு. கூலி, முந்நூறு. தாளைப் பார்த்ததும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"ஒரு சாண் வயருக்கா அண்ணை?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மாற்றத் தேவையே இல்லாத பம்ப்புக்கு 480 பவுண்டை முனகாமல் கொடுத்தவன் நான். ஏனென்றால் அங்கே கையில் ஒரு சாமான் இருந்தது, பளபளவென்று, பெட்டியோடு. யோசித்ததற்குப் பெட்டி கிடையாது. பார்த்ததற்குக் காசா என்று கேட்கும் வாடிக்கையாளர்தான், பார்க்காமல் மாற்றும் மெக்கானிக்கை உண்டாக்குகிறார். என்னைப் போன்றவர்கள் சேர்ந்துதான் அந்த மூன்று கராஜையும் இப்படி ஆக்கினோம்.

அண்ணை கோபப்படவில்லை. "மாத்துறது ஆரும் மாத்துவினம் தம்பி. இது பாத்ததுக்கு," என்றார்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. உங்கள் வண்டி, பைக்கோ காரோ, அடுத்த முறை நடுவழியில் நின்று பிறகு ஓடினால் தேதி, நேரம், தூரம், மழையா வெயிலா, முள் என்ன காட்டியது என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களைக் கேளுங்கள், குழந்தையானாலும். மெக்கானிக் ஒரு சாமானின் பெயரைச் சொன்னால், "அதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள். பதில் இருந்தால் அவருக்குக் கேட்ட காசைக் கொடுங்கள். நேரம் எடுத்துப் பார்த்திருந்தால் அதற்குத் தனியாகவே கொடுங்கள், பேரம் பேசாமல். ‘பழைய வண்டி, அப்படித்தான்’ என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

முந்நூற்று நான்கு பவுண்டையும் கொடுத்தேன். அறுந்த வயர்த் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். மகள் அதைத் தன் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். தான்தான் கண்டுபிடித்ததாகப் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அது உண்மை என்பதால் நான் திருத்தவில்லை.